ஏலத்தில் போன வழி

எங்கள் சபைக்கு நூறு வருஷம் ஆனதற்காக இந்த ஆண்டு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டிருக்கிறார்கள். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "கோயிலடியிலிருந்து பெரிய ரோடுவரைக்கும் உள்ள சரல் வழி, காலஞ்சென்ற டீக்கனார் ரசலையன் அவர்களின் தர்மசிந்தையால் உண்டானது." அந்த வழி எப்படி உண்டானது என்று கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் ஐம்பது அறுபது பேர் இருக்கிறோம். எல்லோரும் புத்தகத்தை வாங்கினோம், படித்தோம், வேதாகமத்துக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. களியக்காவிளைச் சந்தைக்குப் போகிற ரோட்டிலிருந்து இறங்கி நடந்தால் வருகிற ஊர். தெரிந்தவர்களுக்கு அது போதும்.

அந்த வழியை உண்டாக்கியவள் செல்லபாய். அவளோடு முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களில் பன்னிரண்டு பேர் கீழவிளைப் பிள்ளைகள். இதை அச்சில் போட ஒரு வரி கூடுதலாக ஆகியிருக்கும்.

செல்லபாய் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவள் அப்பா பனையேறி. புருஷன் பேச்சிப்பாறைக்கு மேலே மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய், இரண்டாம் வருஷம் மலைக்காய்ச்சலோடு திரும்பி வந்து, ஒரு மாதத்தில் கண்ணை மூடினான். அவளுக்கு ஒரே ஒரு பெண்பிள்ளை. மிஷன் பங்களாவில் கொடுக்கிற நூலில் ரேந்தை என்கிற லேஸ் பின்னிக் கொடுத்துத்தான் இருவரும் கஞ்சி குடித்தார்கள். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய ஒரே கய்யாலைக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒரு சங்கதி மனதில் விழுந்துவிட்டால் நூல் நூலாகப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள்.

சபையில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது, பிடியரிசி சேர்க்கிற வேலை. உலை வைக்கும்போது கழுவப்போகிற அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது எங்கள் வழக்கம். அது ஆண்டவருடையது. வீட்டில் பட்டினி கிடந்தாலும் அந்தப் பானையில் கைவைக்க மாட்டோம். சனிக்கிழமைதோறும் செல்லபாய் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வந்து அதை வாங்கிப் போவாள். கோயிலுக்கு ஓடு போட்டது அந்த அரிசியில்தான்.

இனி வழியைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கய்யாலை, நடுவில் பள்ளம். மழை பெய்தால் ஊரிலுள்ள வெள்ளமெல்லாம் அதில்தான் இறங்கும். பெண்கள் மீன் கழுவிய வெள்ளத்தை அதில் கொட்டுவோம். ஆண்கள் விடியற்காலையில் அதில்தான் குந்துவார்கள். பள்ளிக்கூடம் பெரிய ரோட்டில் இருந்ததால் பிள்ளைகள் அந்தச் சேற்றில் முழங்கால்வரை இறங்கித்தான் போகவேண்டும். விரல் இடுக்கில் புண்ணில்லாத பிள்ளை ஊரில் கிடையாது. கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆடி மழையில், செல்லபாயின் மகள் காலில் அந்தச் சேற்றுக்குள் கிடந்த ஓட்டுச் சில்லு கிழித்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டார்கள். எட்டாம் நாள் பிள்ளைக்கு வாய் பூட்டிக்கொண்டது. பத்தாம் நாள் அடக்கம் பண்ணினோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் அந்தச் சேற்றிலேதான் வழுக்கினார்கள்.

அதன்பின் இரண்டு சனிக்கிழமை அவள் அரிசிக்கு வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தபோது என் வீட்டு முற்றத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பிடி பிடியா அரிசி போட்டு ஓடு மேஞ்சாச்சு. ஒரு சிரட்டை ஒரு சிரட்டையா சரல் போட்டா அந்தக் குழி நெரம்பாதா?"

"ஆரு போடுவா?" என்றேன்.

"அதுல நடக்கவிய."

பெரியவர்களிடம் முதலில் கேட்டாள். கேட்கவில்லை என்று பிறகு யாரும் சொல்லமுடியாது. டீக்கனார் ரசலையன் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அவருக்கு வழியின் தெற்குப் பக்கம் முழுக்கத் தென்னந்தோப்பு. சபைக் கமிட்டியில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"செல்லபாயி சிரட்டைய வச்சி கடலை நெரத்தப் போறா கேட்டியளா" என்றார், பக்கத்திலிருந்த உபதேசியார் இஸ்ரவேலைப் பார்த்து. உபதேசியார் சிரித்தார். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் டீக்கனார் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பொற்றை உண்டு, சரல் என்கிற சரளை மண்ணாலான சிறு குன்று. மாலையில் வரும்போது ஆளுக்கொரு சிரட்டை சரல் அள்ளிவந்து பள்ளத்தில் போடவேண்டும். அவ்வளவுதான் செல்லபாய் சொன்னது. யார் எத்தனை போட்டார்கள் என்று அவள் கணக்கு வைக்கவில்லை. போடாதவனைத் திட்டவும் இல்லை. முதல் நாள் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். மாசம் முடிவதற்குள் முப்பதுக்கு மேல் ஆயிற்று. அவர்களில் டீக்கனாரின் கடைசி மகன் ஞானதாசனும் ஒருவன். ஒன்பது வயது, ஓட்டைப் பல்லன். அப்பாவுக்குத் தெரியாமல் சிரட்டையைக் கய்யாலைப் பொந்தில் ஒளித்துவைப்பான்.

கீழவிளைப் பிள்ளைகள் எட்டு நாள் தள்ளி நின்று பார்த்தார்கள். கீழவிளைக்காரர்கள் எங்களுக்குப் பின்னால் வேதத்தில் சேர்ந்தவர்கள், எங்கள் ஆட்களின் தோப்பிலும் வயலிலும் வேலை செய்கிறவர்கள். கோயிலில் மேற்கு வாசலையொட்டிய கடைசிப் பாய் அவர்களுடையது. முன்னால் வரக்கூடாது என்று எங்கும் எழுதிவைத்திருக்கவில்லை. வரமாட்டார்கள். எங்கள் தாத்தாமார் காலத்தில் பெரிய சாதிக்காரர்கள் நடந்த வழியில் எங்களுக்கு நடக்க முடியாது. அதை எங்கள் ஆண்கள் இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். கீழவிளைக்காரன் காது கேட்கப் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார்கள்.

ஒன்பதாம் நாள் செல்லபாய் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். ரத்தினம் என்கிற பெண்பிள்ளைதான் முதலில் வந்தாள். பத்து வயதிருக்கும்.

"இப்பிடிப் போட்டா நிக்காது" என்றாள் வந்ததும்.

"ஏன் மக்கா?"

"வெள்ளத்துக்கு முதல்ல வழி குடுக்கணும். பெறவுதான் ஆளுக்கு. எங்க அப்பா கய்யாலை வைக்கும்ப அப்பிடித்தான் செய்யும்."

உடனே பிள்ளைகள் தென்னமட்டையால் வடக்கு ஓரத்தில் ஒரு சால் கீறினார்கள். மறுமழைக்கு வெள்ளம் சாலில் ஓடியது. போட்ட சரல் போட்ட இடத்திலேயே கிடந்தது. அந்தச் சால் இல்லையென்றால் முப்பது பிள்ளைகள் முப்பது வருஷம் போட்டாலும் எல்லாம் ஆற்றுக்குத்தான் போயிருக்கும். இதுவும் புத்தகத்தில் இல்லை.

விடியற்காலையில் குந்த வருகிறவர்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. பெரிய ஆட்களைப் பிள்ளைகள் போகச் சொல்ல முடியுமா? பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாராவது வேட்டியை மடித்துக்கொண்டு வழியில் இறங்கினால் ஐந்தாறு பேர் கய்யாலைமேல் ஏறி நின்று ஓய்வுநாள் பள்ளிப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடுவார்கள். பாட்டு முடிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. தலைக்குமேலே துதிப்பாட்டு நடக்கும்போது எந்த மனுஷன் அங்கே குந்துவான்?

"ஏலே, இறங்குங்கலே, சவங்களா" என்று ஒருவர் கத்தினார்.

"பாட்டுப் படிக்கோம் மாமா. நீங்க இருங்க" என்றான் ஞானதாசன் மேலேயிருந்து.

பத்து நாளில் ஆண்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மீன் வெள்ளம் கொட்டின பெண்களிடம் பிள்ளைகள், "மாமி, நான் கொண்டுபோய் தென்னை மூட்டுல விடுதேன்" என்று சட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு தடவை அப்படி வாங்கிக்கொண்டு போனால் மூன்றாம் தடவை நமக்கே வெட்கமாக இருக்கும். எனக்கு இருந்தது.

இரண்டு வருஷம் ஆயிற்று. பள்ளம் மேடாகி நடுவில் ஆமை முதுகுபோல உயர்ந்து நின்றது. மழையில் செருப்புப் போட்டு நடக்கலாம். பாதி வேலை முடிந்தபோதே டீக்கனாரின் மாட்டுவண்டி தேங்காயோடு அதில் வர ஆரம்பித்துவிட்டது. சக்கரம் கீறிய தடத்தைப் பிள்ளைகள் மறுபடியும் நிரப்பினார்கள். மழைக்காலம் முடியும்வரை வண்டியை நிறுத்தும்படி செல்லபாய் போய்க் கேட்டாள். "வழியிண்ணா வண்டி வராதா?" என்றார் அவர். மூன்று மாதத்துக்கு முன்னால் அதை வழி என்று அவர் சொன்னதில்லை.

இனித்தான் தப்பு நடந்தது. செல்லபாய் செய்த தப்பு. அப்படி ஒரு தப்பை எங்கள் சபைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

புரட்டாசி கடைசியில் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. ஒவ்வொருவரும் தங்கள் உழைப்பில் முதலாவதைக் கோயிலில் கொண்டுவைப்போம். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, கோழி, ரேந்தை, பின்னிய பெட்டி. ஜெபம் முடிந்ததும் முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்த பொருளைப் பற்றி அப்புறம் யாரும் பேசக்கூடாது, அது ஆண்டவர் சந்நிதியில் கைமாறியது. பிள்ளைகள் செல்லபாயிடம் வந்து, நாங்களும் எங்கள் உழைப்பை வைக்கவேண்டும் என்றார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு புதுச் சிரட்டையைத் தேய்த்து மினுக்கி, அதில் சரல் நிரப்பி, அதன்மேல் ஒரு செம்பருத்திப் பூவை வைத்தாள். பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகப் போய் மேசைமேல் வைத்தார்கள். ரத்தினமும் போனாள். கீழவிளைப் பிள்ளை கோயிலில் அவ்வளவு முன்னால் வந்தது அன்றைக்குத்தான். "இது எங்க வழி. ஆண்டவருக்கு" என்று சேர்ந்து சொன்னார்கள். அப்படிச் சொல்லிக்கொடுத்ததும் செல்லபாய்தான்.

முற்றத்தில் ஏலம் நடந்தது. குலை போயிற்று, கோழி போயிற்று. உபதேசியார் சிரட்டையைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வேடிக்கைக்கு ஒரு சக்கரம் காசு என்றார். இன்னொருவர் இரண்டு என்றார். ரசலையன் எழுந்து நின்று ஒரு பெரிய வாழைக்குலையின் விலையைச் சொன்னார். சிரிப்பு நின்றது. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். பிள்ளைகள் கையைத் தட்டினார்கள். தங்கள் சரலுக்கு டீக்கனாரே இவ்வளவு மரியாதை செய்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். செல்லபாயும் அப்படித்தான் நினைத்தாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை வழியின் மேற்கு முனையில் மூங்கில் படல் நின்றது. டீக்கனார் தாமே பக்கத்தில் நின்றார். காலையில் ரேந்தை பின்னுகிற தலையணையோடு என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த நான் நடந்ததை எல்லாம் பார்த்தேன்.

எங்கள் மேலத்தெருப் பிள்ளைகள் வந்தார்கள். படலைத் திறந்துவிட்டார். கீழவிளைப் பிள்ளைகள் வந்தார்கள். படல் மூடியது.

"ஏட்டி, எங்க போற?"

"பள்ளிக்கூடத்துக்கு" என்றாள் ரத்தினம்.

"பள்ளிக்கூடத்துக்குப் போ மக்கா, நல்லாப் படி. ஏலா வழியாப் போ. இது நான் சபை ஏலத்துல எடுத்த வழி."

ஏலா என்பது கிழக்கே கிடக்கும் வயல்வெளி. வரப்பில் நடந்து, நடுவில் ஒரு கால்வாயில் இறங்கி ஏறவேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கால்வாயில் வெள்ளம் பிள்ளைகளுக்கு நெஞ்சுவரை வரும்.

"அப்பா, சால் கீறச் சொன்னதே அவதான்" என்றான் ஞானதாசன், படலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நீ போலே பள்ளிக்கூடத்துக்கு."

செல்லபாய் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி, இது என்ன காரியம்?"

"சும்மா இரி செல்லபாயி. இண்ணைக்கு இந்த வழி நடப்பாவ. நாளைக்கு கோயில்ல முன் பாயில வந்து இருப்பாவ. ஒனக்கு அதெல்லாம் தெரியாது."

சேறாகக் கிடந்தவரைக்கும் அது எல்லோருக்கும் பொதுவழி. கீழவிளைக்காரர்கள் அந்தச் சேற்றில் எத்தனை வருஷம் நடந்தார்கள்! ஒருவரும் தடுக்கவில்லை. சரல் விழுந்து கால் நனையாமல் நடக்கலாம் என்று ஆன அன்றைக்கு அதற்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலுக்குள்ளேயே, சபையார் முன்னால் கமிட்டி கூடியது. செல்லபாய் பேசவேண்டும் என்று எழுந்து நின்றாள். ஒரு பெண் கூட்டத்தில் எழுந்து பேசியதை எங்கள் சபையில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"ஏலத்துல எடுத்தது சிரட்டைய. சிரட்டைய அவிய கொண்டு போவட்டும். வழிய ஆரு வித்தா?"

உபதேசியார் தலையைச் சொறிந்தார். "பிள்ளைகளு என்ன சொல்லிட்டு வச்சுது? 'எங்க வழி ஆண்டவருக்கு' ண்ணுதானே சொல்லிச்சு. ஆண்டவருக்குக் குடுத்தது சபைக்கு ஆச்சு. சபை ஏலம் போட்டுது. இனி திருப்பிக் கேட்டா அது அனனியா சப்பீராள் செய்த காரியம்போல ஆகாதா?"

"அனனியா ஆண்டவருக்குண்ணு சொன்ன காசுல ஒரு பங்க ஒளிச்சு வச்சான். நாங்க என்னத்த ஒளிச்சோம்? நடக்கதுக்குத்தானே கேக்கோம்."

"நீ நடக்கதுக்கு ஆரும் தடை சொல்லல்லியே" என்றார் ரசலையன்.

"ரத்தினத்துக்கு?"

அதற்கு முந்தின வருஷம் இதே ஆண்கள் கோயில் முற்றத்தில் பத்திரிகையைச் சுற்றி உட்கார்ந்து, வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய வழியில் நடக்க விடாமல் ஆட்களைத் தடுக்கிறார்கள் என்று வாசித்து, "என்ன அநியாயம், இவனுகளெல்லாம் மனுஷனா" என்று நாள்முழுக்கப் பேசினார்கள். உரக்க வாசித்தவர் ரசலையன். இப்போது எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பாயில் நானும் இருந்தேன். நானும் வாய் திறக்கவில்லை. மேற்கு வாசலில் கீழவிளை ஆண்கள் நின்றார்கள். அவர்கள் எப்படிப் பேசுவார்கள்? மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய தோப்பு ரசலையனுடையது.

செல்லபாய் உட்காரவில்லை. சபையை அவமதித்தாள் என்று அவளை, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிடியரிசிப் பெட்டியையும் திருப்பிக் கேட்டார்கள். பதினொரு வருஷம் இடுப்பில் சுமந்த பெட்டி. துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

திங்கள்கிழமை காலையில் நான் வாசலில் இருந்தேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. படல் மேலத்தெருப் பிள்ளைகளுக்காகத் திறந்து கிடந்தது. ஒரு பிள்ளையும் வரவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது, எல்லோரும் ஏலா வழியாகப் போய்விட்டார்கள். பத்தொன்பது மேலத்தெருப் பிள்ளைகளும் பன்னிரண்டு கீழவிளைப் பிள்ளைகளும் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கை கோத்துக் கால்வாயில் இறங்கிப் போனார்கள் என்று வயலில் நின்றவர்கள் வந்து சொன்னார்கள். யார் முதலில் சொன்னது, யார் கூப்பிட்டது என்று பிறகு எவ்வளவோ விசாரித்தார்கள். பிள்ளைகள் சொல்லவில்லை. செல்லபாய்க்கே தெரியாது. அன்று காலையில் அவள் என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

சாயந்திரம் பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. மறுநாளும் அந்த வழியாகவே போனார்கள். மறுபடியும் அடி. ஞானதாசனை அவன் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து படலுக்குள் விட்டார். அவன் வழியின் நடுவில் அப்படியே நின்றான். அப்பா வீட்டுக்குத் திரும்பியதும் கய்யாலை ஏறிக் குதித்து ஏலாவுக்கு ஓடினான். சரல் வழி வெறுமையாகக் கிடந்தது. தேங்காய் வண்டி மட்டும் போய்வந்தது.

ஐந்தாம் நாள் மேலத்தெருத் தாய்மார் செல்லபாய் வீட்டு முற்றத்தில் கூடினார்கள்.

"நீதான் பிள்ளைகளைக் கெடுத்தது. எம்பிள்ளை கழுத்துவரை நனைஞ்சு வாறான்."

"நான் ஒண்ணும் சொல்லல்லை."

"சொல்லாமலா செய்யுது? போகாதியன்னு நீ சொல்லு. நீ சொன்னா கேக்கும்."

"அத நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றாள் செல்லபாய். "அங்க கெடந்து நனையதுல பன்னெண்டு பேரு வேற உண்டு. அவியள எந்த வழியாப் போகச் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

ஒருத்தி காறித் துப்பிவிட்டுப் போனாள். மற்றவர்களும் போனார்கள்.

ஏழாம் நாள் ஆறு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் ஞானதாசன் படுத்தான். நெஞ்சில் சளி கட்டி இரவெல்லாம் இருமினான். டீக்கனாரின் மனைவி நேசபாய் ஊரில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள். ஒன்பதாம் நாள் காலையில் அவள் படலுக்கு வந்து, வண்டிக்காரனும் நாலு பெண்களும் பார்த்து நிற்கப் புருஷனிடம் கேட்டாள்.

"நீங்க எடுக்கியளா, நான் எடுக்கவா?"

"பிள்ளைக்கு மருந்து குடு. இங்க எதுக்கு வந்த?"

"மருந்து குடுத்தா, எந்திரிச்ச உடனே திரும்ப கால்வாயிலதான் போவான். ஒங்க மவன். ஒங்களப் போலத்தான் பிடிச்ச பிடிய விடமாட்டான்." அதைச் சொல்லிக்கொண்டே படலின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். மற்றப் பெண்களும் போய்க் கைகொடுத்தார்கள். நானும் போனேன். ரசலையன் தோப்புக்குள் நடந்தார்.

படல் போயிற்று. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கீழவிளைப் பிள்ளைகள் எத்தனையோ மழைக்காலம் அந்தக் கால்வாயில் இறங்கியிருக்கிறார்கள். சேற்று வழியில் நடக்கமுடியாத நாளெல்லாம் அவர்களுக்கு அதுதான் வழி. அவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டியதா, எத்தனை பேர் படுத்தார்கள் என்று மேலத்தெருவில் ஒருத்தியாவது கேட்டோமா? எங்கள் பிள்ளைகள் எட்டு நாள் நனைந்தவுடன்தான் எங்களுக்குக் கால்வாய் கண்ணில் பட்டது. அந்தப் படலை அவிழ்த்த கைகளில் நியாயத்துக்காக வந்த கை ஒன்றுகூட இல்லை, என்னுடையதும் சேர்த்து. நியாயத்துக்காக நனைந்தவர்கள் பத்து வயதுக்காரர்கள்.

மறுநாள் காலையில் கீழவிளைப் பிள்ளைகள் வழி முனையில் வந்து நின்றார்கள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. செல்லபாய் வாசலில் இருந்தாள்.

"மாமி, நாங்க போலாமா?" என்று ரத்தினம் கேட்டாள். "டீக்கனார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டா?"

"ஆருட்டயும் கேக்காண்டாம்" என்றாள் செல்லபாய். "கேட்டா, நாளைக்கும் கேக்கணும்."

போனார்கள். முதலில் ஓரமாகப் போனார்கள். வண்டி எதிரே வந்தது. வண்டிக்காரன் மாட்டை நிறுத்தி ஒதுக்கினான். அதன்பின் நடுவில் போனார்கள்.

அடுத்து வந்த தை மாதம் பாதிரி ஐயர் திருவிருந்து கொடுக்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் உபதேசியார் இஸ்ரவேல் ஒரு காகிதத்தோடு செல்லபாய் வீட்டுக்கு வந்தார். கமிட்டி மன்னிக்கத் தயாராக இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டால் மறுநாள் அவளும் பந்தியில் சேரலாம், அரிசிப் பெட்டியும் திரும்ப வரும். அவருக்கு உண்மையாகவே அவள்மேல் இரக்கம் இருந்தது. கய்யாலைக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கு அவர் குரலிலேயே அது தெரிந்தது.

"என்ன எழுதியிருக்கு, வாசியுங்க."

"'பிள்ளைகளைத் தூண்டிவிட்டுச் சபையின் சமாதானத்தைக் குலைத்ததற்காக மனம் வருந்துகிறேன்.' இவ்வளவுதான். ஒரு ஒப்பு போரும்."

"நான் தூண்டல்லியே உபதேசியாரே."

"அது எனக்குத் தெரியும். ஒரு பேச்சுக்குத்தானே. சமாதானம் ஆகட்டும்."

செல்லபாய் நூல் சுற்றிய ரேந்தைக் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பின்னுகிற சத்தம் கேட்டது.

"அண்ணு கூட்டம் முடிஞ்ச உடனே நானே பிள்ளைகளைக் கூட்டி, எல்லாரும் ஏலா வழியாப் போங்கன்னு சொல்லியிருக்கணும். எனக்கு அந்த புத்தி வரல்லை. அழுதுட்டு இருந்தேன். பிள்ளைகளுக்கு வந்துட்டு, எனக்கு வரல்லை. அதுக்கு எனக்கு வருத்தம் உண்டு. வேணும்ணா அத எழுதுங்க, ஒப்பு போடுதேன்."

உபதேசியார் காகிதத்தை மடித்தார். பிறகு விரித்தார். மறுபடியும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

செல்லபாய் அதன்பின் எட்டு வருஷம் இருந்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவாள். மேற்கு வாசலையொட்டிய கடைசிப் பாயில், கீழவிளைப் பெண்களோடு உட்காருவாள். திருவிருந்து தொடங்கும்போது எழுந்து வெளியே போவாள். அவளோடு அந்தப் பாயிலிருந்து, யாரும் நிறுத்திவைக்காத ரத்தினத்தின் தாயும் எழுந்து போவாள்.